உச்சவரம்புக்கு வெளியே

சேறு காய்ந்த பிறகுதான் துவைக்க வேண்டும். ரத்தம் காய்வதற்குள் துவைக்க வேண்டும். ஒரே ஜெர்சியில் இரண்டும் இருந்தால், அதைப் போட்டிருந்தவனைத் திட்டிக்கொண்டே ரத்தம் பட்ட இடத்தை மட்டும் பிடித்துப் பச்சைத்தண்ணீரில் கசக்கிவிட்டு, மிச்சத்தைச் சுவரோரம் சூடாக ஓடும் ஹீட்டர் குழாயின் மேல் விரித்துப் போடுவாள் அக்கா. சேறு காய்ந்து ஓடு மாதிரி ஆனதும் கட்டை பிரஷ்ஷால் தட்டி உதிர்த்துவிட்டு அப்புறம்தான் மெஷினில் போடுவாள். அவசரப்பட்டு ஈரச் சேற்றோடு போட்டால் வெள்ளை ஜெர்சி ஜென்மத்துக்கும் வெள்ளையாகாது.

அக்கா என்பது அந்தக் கால்பந்து கிளப்பில் அவளுக்குப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது. விளையாடுகிற பையன்களில் இருந்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அக்கா. அவளைவிட மூத்தவரான செயலாளரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளோடு சேர்ந்து துவைத்தவள் சித்தி. இருவருக்கும் சொந்தம் எதுவும் கிடையாது. வயதில் மூத்தவள், புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எப்போதோ ஒரு கோல்கீப்பர் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தான், அதுவே ஒட்டிக்கொண்டது.

துவைக்கிற அறை கேலரிக்கு அடியில் இருந்தது. மேலே படிகள் சரிந்து இறங்குவதால் உள்ளே போகப் போகத் தலையைக் குனிய வேண்டும். இரண்டு மெஷின். ஒன்று ஓடும், இன்னொன்று மனசு வந்தால் ஓடும். மேட்ச் நாளில் தலைக்கு மேல் ஜனங்கள் காலைத் தட்டுவது கேட்கும். கோல் போட்டோமா வாங்கினோமா என்பதைச் சித்தி அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்.

"இது அவங்க கோல். நம்ம ஜனம் இவ்வளவு ஒத்துமையாக் குதிக்காது."

அக்காவின் புருஷன் அந்த டீமில்தான் பின்வரிசை ஆட்டக்காரர். அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் ஒரு காலத்தில் பூட்டு என்று பெயர் வைத்தார்கள். இப்போது முப்பத்தைந்து ஆகிவிட்டது. பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று கேலரியில் பேசிக்கொள்வது அவர் காதிலும் விழாமல் இல்லை. மேட்ச் முடிந்த மறுநாள் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். வீட்டில் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாம் டிவிஷன் கிளப் என்றால் டிவியில் பார்க்கிற பணத்தையும் காரையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. நாலு தெரு சேர்ந்து பார்க்கிற கிளப். பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் தலைவர். நல்ல மேட்சுக்கே கேலரி பாதிதான் நிரம்பும். ஆட்டக்காரர்களுக்கு ஒரு பஸ் டிரைவர் வாங்குகிற சம்பளம் கிடைத்தால் பெரிய விஷயம். அதுவும் கால் இருக்கிற வரைக்கும்தான்.

பூட்டு முன்பு வேறொரு கிளப்பில் ஆடினார். அதன் முதலாளி மேல் டிவிஷனுக்குப் போயே தீருவேன் என்று கடனை வாங்கி வாங்கி ஆட்களை எடுத்தார். ஒருநாள் காலை பிராக்டிசுக்குப் போனால் கேட்டில் சங்கிலி தொங்குகிறது. பாக்கிச் சம்பளம் அப்படியே போயிற்று. வாடகை கொடுக்க முடியாமல் சின்ன வீட்டுக்கு மாறினார்கள். ஒரே பெண்ணின் பள்ளிக்கூடமும் மாறியது. அந்த ஆத்திரத்தில்தான் எல்லா கிளப் ஆட்டக்காரர்களும் சேர்ந்து லீகிடம் ஒரு மனு கொடுத்தார்கள்: வருமானத்துக்கு மேல் சம்பளம் பேசி எங்களை நடுத்தெருவில் விடாதீர்கள், ஒரு வரம்பு போடுங்கள் என்று. ஒவ்வொரு கிளப்பாகப் போய்க் கையெழுத்து வாங்கியவரே பூட்டுதான். லீகும் கேட்டுக்கொண்டது. கிளப்புக்கு வருகிற வருமானத்தில் பாதிக்கு மேல் ஆட்டக்காரர் சம்பளம் போகக் கூடாது, போனால் புள்ளி குறையும் என்று உச்சவரம்பு வந்தது. நியாயமான விதிதான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நியாயம் அவர் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டியது ஒரு மழை நாளில்.

சீசன் பாதி முடிந்திருந்தது. டீம் கடைசியில் இருந்து இரண்டாவது இடம். செயலாளர் குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மழைக்காலம் என்பதால் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி தொங்கியது. இரண்டு போர்வைகளை விலக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாட்டு மேஜையில் பெண் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம். நர்சிங் சேர வேண்டும் என்று இருந்தாள். அக்கா டீ வைத்தாள்.

"ஒரு ஃபார்வர்டு எடுத்தே ஆகணும்" என்றார் செயலாளர். "இந்த சீசன் நாம போட்ட கோலை எல்லாம் விரல் விட்டு எண்ணிடலாம்."

"எண்ணியாச்சு" என்றார் பூட்டு.

"ஆள் ரெடியா இருக்கான். ஆனா லிமிட் நிறைஞ்சு போச்சு. ஒரு பைசா கூட்ட முடியாது. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"என்னை அனுப்பப் போறீங்களா?"

"சேச்சே. உங்க சம்பளத்தைப் பாதியா குறைச்சுக்கலாம்னு."

அக்கா டீயைக் கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். பெண் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை, பக்கத்தையும் திருப்பவில்லை.

"பதறாதீங்க, முழுசாக் கேளுங்க. அந்தப் பாதி எங்கயும் போகாது. அக்கா சம்பளத்துல சேர்ந்து வந்துடும். விளையாடறவங்களுக்குத்தான் லிமிட். துவைக்கிறவங்களுக்கு லிமிட் கிடையாது."

"அந்த லிமிட் வேணும்னு ஊர் ஊராப் போய்க் கையெழுத்து வாங்கினவனே நான்தான் சார்."

"தெரியுமே. அதனாலதான் உங்க வீட்டு மேல யாருக்கும் சந்தேகம் வராது."

பூட்டு டீயை வாங்கிக் கீழே வைத்தார். கேட்டது அக்காதான்.

"எனக்கு என்ன வேலை சார் கூடும்?"

"ஒண்ணும் கூடாது அக்கா. நீங்க பாட்டுக்கு இருங்க. இது பேருக்குத்தான்."

"பேருக்கு எப்படி சார் சம்பளம் வாங்கறது?"

"பேங்க்ல வரும், வாங்கிக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார் செயலாளர். டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் அக்கா கதவைச் சாத்தினாள்.

"முடியாதுன்னு சொல்லிடலாமா?" என்றாள் அக்கா.

"சொல்லலாம். நாளைக்கே பெஞ்சுல உக்கார வெப்பாங்க. சீசன் முடிஞ்சதும் அனுப்பிடுவாங்க. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எந்த கிளப் வாசல்ல போய் நிக்கறது?"

"அதுக்கில்லீங்க. நீங்க கேட்டு வாங்கின சட்டம் அது."

"ஆமா. நான் கேட்டப்போ எனக்கு வயசு கம்மி" என்றார் பூட்டு.

மாசம் பிறந்ததும் பணம் வந்தது. போன மாசம் வாங்கியதைப் போல மூன்று மடங்கு. அக்கா பேங்கில் இரண்டு முறை கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் எரிச்சலாகி, "உங்க பேருதானே? உங்க பணம்தான்" என்றார். அது புருஷனின் சம்பளம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் துவைக்கிற கூலி என்று போட்டு, அவள் பெயருக்கு வந்திருக்கிறதே. கடைக்காரர் மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்பி நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிற ஜென்மம் அவள். சும்மா வந்த கூலியைச் சும்மா வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. வாங்கியதற்கு வேலை செய்து கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்த நாளில் இருந்து விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினாள். பெரிய டீம் துணி போதாதென்று ஜூனியர் பையன்களின் துணிகளையும் கேட்டு வாங்கி வந்தாள். அதுவரை அவரவர் வீட்டில்தான் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்ஸைச் சுருட்டியபடியே கழற்றி எறிகிற பழக்கம் எந்த ஆட்டக்காரனுக்கும் போகாது. சேறு உள்ளே பந்து மாதிரி உருண்டு கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் புறம் மாற்றினாள். கிழிந்த கோல் வலையைத் தரையில் விரித்துவைத்துக் கண் கண்ணாகத் தைத்தாள். பூட்ஸ்களைக் கழுவிக் காகிதம் திணித்து வரிசையாக வைத்தாள். ஆபீஸ் திரைச்சீலைகள், டாக்டர் அறையின் படுக்கை விரிப்பு, பஸ் சீட் உறைகள் என்று எதையும் விடவில்லை. கோச்சின் தொப்பியைக்கூட ஒருநாள் அவர் தலையில் இருந்தே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சித்தி வருவதற்குள் பாதிக் கூடை காலியாகியிருக்கும்.

"உனக்கு என்னடி ஆச்சு?" என்றாள் சித்தி. "வேண்டுதலா?"

"சும்மா இருக்கப் பிடிக்கல சித்தி."

"இங்க சும்மா இருந்தது எப்போ? எனக்குச் சொல்லாம எப்போ இருந்தே?"

"நீங்க உக்காருங்க சித்தி. இடுப்பு வலின்னீங்கல்ல. ஜெர்சி மட்டும் மடிச்சா போதும்."

"இடுப்பு வலி இன்னிக்கு நேத்தா? எத்தனை வருஷமா வலிக்குது, இப்பத்தான் உன் கண்ணுல பட்டுதா" என்று சித்தி முணுமுணுத்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் சுகமாகத்தானே இருக்கும். ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பையன் எந்தப் பெண்ணோடு சுற்றுகிறான், தலைவர் கடையில் யார் கணக்கில் கைவைத்தான் என்று கதை சொல்வாள். அக்கா கேட்டுக்கொண்டே தேய்ப்பாள். ஒருவிதத்தில் அவளுக்கு மனசு லேசாகவும் இருந்தது. வந்த பணத்துக்கு வேலையும் ஆகிறது, சித்திக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது என்று நினைத்தாள்.

செயலாளர் அந்தப் பக்கமாக ஒருநாள் போனார். இன்னொரு நாளும் போனார். இரண்டு தடவையும் சித்தி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாசக் கடைசியில் சித்தியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் ஆணியில் மாட்டியிருந்த தன் பழைய ஸ்வெட்டரை எடுத்துப் பையில் வைத்தாள். செருப்பையும் எடுத்து வைத்தாள்.

"செலவைக் குறைக்கணுமாம்" என்றாள். "ஒரு ஆள் போதுமாம். அடுத்த சீசன் ஆளு வேணும்னா கூப்பிடறாங்களாம்."

அக்காவின் கையில் சோப்பு நுரை. அப்படியே மாடிக்கு ஓடினாள். செயலாளர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை நுரை சொட்டச் சொட்ட நின்றாள்.

"சித்தியை எதுக்கு சார் நிறுத்தினீங்க?"

"நீங்கதானே அக்கா காட்டினீங்க, ஒரு ஆளே போதும்னு."

"நான் அதுக்காகப் பண்ணல சார்."

"எதுக்காகப் பண்ணீங்க?"

வாங்கின காசுக்கு என்று சொன்னால், யார் உங்களைக் கேட்டது என்பார். அது நியாயமான கேள்விதான்.

வீட்டில் சொன்னபோது பூட்டு முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் சும்மா வாங்கிட்டு இருந்திருந்தா சித்தி இருந்திருப்பாங்க" என்றாள் அக்கா.

"அவர்தான் சொன்னாரே. பேருக்குன்னா பேருக்குத்தான்."

"உங்களுக்குச் சுலபமாச் சொல்ல வருது."

"எனக்கா சுலபம்? என் சம்பளத்தை உன் பேர்ல வாங்கிக்கிட்டு, டிரெஸ்ஸிங் ரூம்ல அந்தப் பையன்கள் மூஞ்சியைப் பாக்கறது சுலபமா?"

பெண் எழுந்து வந்து இருவர் முன்னாலும் ரொட்டியும் முட்டையும் வைத்தாள். "ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டார்கள்.

அப்புறம் அக்கா தனியாகத்தான் துவைத்தாள். சித்தி செய்ததையும் சேர்த்து, தான் இழுத்து விட்டுக்கொண்டதையும் சேர்த்து. ஜூனியர் பையன்களின் துணியை இனி வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியுமா? ஒருமுறை செய்தது வேலையாகிவிடுகிறது. மழை விட்டபாடில்லை. துணி காயாமல் அறை முழுக்க ஊறல் நாற்றம். மேட்ச் நாட்களில் தலைக்கு மேல் காலைத் தட்டுவார்கள். யார் கோல் என்று சொல்ல ஆள் இல்லை.

புது ஃபார்வர்டு நாலு கோல் போட்டான். டீம் மெல்ல மேலே ஏறியது. கீழே இருந்த கிளப் ஒன்று லீகுக்குப் புகார் எழுதியது. ஒரு திங்கட்கிழமை காலை லீகின் கணக்கு அதிகாரி வந்து சேர்ந்தார்.

சின்ன வயசுப் பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. ஆபீசில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நேராகக் கேலரிக்கு அடியில் வந்தார். வருவதற்கு முன்னால் செயலாளர் ஓடிவந்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அக்கா. ஒரு வார்த்தை தப்பினா புள்ளி போயிடும், டீம் கீழ இறங்கிடும். உங்க வீட்டுக்காரர் மட்டுமில்ல, அத்தனை பேர் குடும்பமும் தெருவுக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"துவைக்கிற வேலைக்கு இது பெரிய சம்பளமா இருக்கே" என்றார் அதிகாரி.

"உக்காருங்கம்மா. அந்த ஸ்டூல்ல ஈரம் இருக்கு, இதுல உக்காருங்க" என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் துணி மலை மாதிரி கிடந்தது. நின்று பேச நேரமில்லை. வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அதிகாரி ஹீட்டர் குழாய்ப் பக்கமாக ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் என்று வந்தவர் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. குளிருக்கு அந்த இடம் இதமாக இருந்ததும் ஒரு காரணம். பிரஷ்ஷால் தட்டுவது, சாக்ஸ் புறம் மாற்றுவது, மெஷின் நின்றுபோனால் அதன் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டி ஓடவைப்பது, ஜூனியர் கூடை, வலை, பூட்ஸ், பஸ் உறை எல்லாவற்றையும் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்க ஒருத்தரேவா?"

"ஒருத்தியேதான்."

"முன்னாடி?"

"ரெண்டு பேர் இருந்தோம். அப்போ இவ்வளவு வேலை இல்ல."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரருக்குச் சம்பளம் குறைஞ்ச அதே மாசம் உங்களுக்குக் கூடியிருக்கு."

அக்கா கையில் இருந்த ஜெர்சியைப் பிழிந்தாள். பிழிந்ததையே இன்னொரு தடவை பிழிந்தாள்.

"ஆமாம்மா. அதே மாசம்தான் எனக்கு வேலையும் கூடிச்சு."

அதிகாரி எழுந்து, "இந்த வேலைக்கு இந்தச் சம்பளம் அதிகம்னு என்னால எழுத முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனாலும் பொய் சொன்ன மாதிரிதான் இருந்தது. சித்தியை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நின்றுகொண்டு உண்மை பேசியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. மாடியில் செயலாளர் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிவரச் சொன்னார்.

கிளப் தப்பித்தது. பூட்டு தப்பவில்லை. கடைசி மேட்சில் அரைமணி நேரம் ஆடினார். கைதட்டி வெளியே அனுப்பினார்கள். மறுவாரம் கோச் தோளில் கைபோட்டு நடந்துகொண்டே பேசினார். அடுத்த வருஷமும் லிமிட் அதேதான், பூட்டுக்குக் கொடுக்கிற பாதிச் சம்பளத்துக்கு ரெண்டு சின்னப் பையன்கள் கிடைக்கிறார்கள், வேறு வழியில்லை என்றார். பூட்டு சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து, "கோச் சொல்றது சரிதான்" என்றார். பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பட்டப்பகலில் படுத்துவிட்டார்.

பெண்ணுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்த செய்தியும் அந்த வாரம்தான் வந்தது. சந்தோஷப்படத் தெரியாமல் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செயலாளர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். படி ஏறும்போதே அவள் ஒரு முடிவோடுதான் ஏறினாள். புது சீசனுக்குச் சித்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழ வேண்டும்.

"வீட்டுக்காரர் போயிட்டதால இனி அந்தக் கூடுதல் பணம் வராது அக்கா" என்றார் செயலாளர். "பழைய சம்பளம்தான். நீங்களே புரிஞ்சுக்குவீங்க."

"குறைச்சா கணக்குப் பாக்க வந்த அந்த அம்மா ஏன்னு கேக்க மாட்டாங்களா சார்?"

மிரட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. மனசில் தோன்றியது வாயில் வந்துவிட்டது. செயலாளர் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு சிரித்தார். அது கெட்ட சிரிப்பு இல்லை, களைத்துப்போன சிரிப்பு.

"நீங்க என் நாற்காலியில உக்காரலாம் அக்கா. சரி, குறைக்கல. வேணும்னா சித்தியையும் கூப்பிட்டுக்கோங்க. ஆனா மொத்தமே இவ்வளவுதான். ரெண்டு பேரும் பிரிச்சுக்கணும். இல்ல, நீங்களே தனியாப் பாக்கறதா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் கேட்க வந்ததை அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். சரி என்று சொன்னால் போதும். பாதி என்றால், முன்பு வாங்கியதைவிடக் கூடுதல்தான். ஆனால் முன்பு பூட்டின் சம்பளம் இருந்தது. இப்போது வீட்டு வாடகை, பெண்ணின் ஃபீஸ், முட்டி வைத்தியம் எல்லாம் இந்த ஒன்றில்தான் ஓட வேண்டும். அவள் கணக்கெல்லாம் போடவில்லை. மேஜையின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் தனியாவே பாத்துக்கறேன் சார்" என்றாள்.

வீட்டில் பூட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். அவள் நடந்ததைச் சொன்னதும் மோவாயைத் தடவினார்.

"சித்திக்குச் சொல்லணுமா?" என்றார். "கிளப்ல எடுத்துக்கலன்னு அவங்களாத் தெரிஞ்சுக்குவாங்க. விட்டுடேன்."

"என்னால முடியாதுங்க."

"என்னத்த முடியாது?"

"நாளைக்கு எங்கயாவது பாத்தா எப்படி இருக்கீங்க சித்தின்னு கேக்க என்னால முடியாது."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிச் சித்தி வீட்டுத் தெருமுனைக்கு வந்ததும், "நான் இங்க நிக்கறேன். மாடி ஏற முடியாது" என்றார். முட்டியால்தான் என்று அக்காவும் நம்புகிற மாதிரி தலையாட்டினாள்.

சித்தி ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தாள். பேக்கரி ஒன்றில் தட்டு கழுவுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தினம் கூப்பிட மாட்டார்கள். கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாடி. இப்பத்தான் நினைச்சேன். பிராக்டிஸ் எப்போ ஆரம்பிக்கறாங்க?"

"அடுத்த வாரம் சித்தி."

"உன் வீட்டுக்காரரை நிறுத்திட்டாங்களாமே. கேள்விப்பட்டேன். பாவிப் பசங்க. உக்காரு, டீ போடறேன்." ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டாள்: "என்னைப் பத்தி ஏதாவது பேச்சு வந்துதா?"

"வந்துது சித்தி. உங்களைக் கூப்பிட்டுக்கச் சொன்னார். எனக்கு வர்ற சம்பளத்தை ரெண்டாப் பிரிச்சுக்கணும்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

சித்தி திரும்பவில்லை. பால் பொங்கி வந்தது, அடுப்பைக் குறைத்தாள்.

"ரெண்டாப் பிரிக்கிற அளவுக்கு உனக்கு எவ்வளவுடி குடுக்கறான்?"

அக்கா சொன்னாள். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். செயலாளர் மழையில் வந்தது, பேருக்கு என்றது, பேங்கில் கேட்டது, சும்மா வாங்க மனசு வராமல் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டது, அதிகாரி வந்தது, அவரிடம் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. சொல்லிக்கொண்டே அழுதாள். சித்தி டீயை இரண்டு கப்பில் ஊற்றி, ஒன்றை அவள் முன்னால் வைத்தாள்.

"அப்போ காலைல எனக்கு முன்னாடி வந்து துவைச்சது என் இடுப்பு வலிக்காக இல்ல."

"உங்களுக்கும் கஷ்டம் குறையும்னு நினைச்சேன் சித்தி."

"குறைஞ்சுதே. சுத்தமாக் குறைஞ்சுது."

கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி தன் கப்பை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "பொண்ணு படிக்கணும். புருஷன் வீட்ல உக்காந்துட்டார். நான் உன் இடத்துல இருந்தா நானும் இதையேதான் பண்ணியிருப்பேன். யோசிச்சிருக்கக்கூட மாட்டேன்."

"சித்தி..."

"ஆனா நானா இருந்தா இங்க வந்து சொல்லியிருக்க மாட்டேன். செயலாளர் என்னைக் கழட்டி விட்டுட்டான்னு நான் பாட்டுக்கு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன். என்னிக்காவது நீ வந்தா ரெண்டு பேரும் உக்காந்து அவனைத் திட்டியிருக்கலாம். உனக்கு மனசு கேக்கல, வந்து கொட்டிட்டே. இனிமே நான் யாரைடி திட்டறது?"

அக்காவால் நிமிர முடியவில்லை.

"டீயைக் குடி. குடிச்சுட்டுக் கிளம்பு. இனிமே வராதே."

டீ நாக்கைச் சுட்டது. ஊதாமல் குடித்தாள். குடித்து முடித்ததும் கப்பை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில், மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்க் குனிந்தாள்.

"அதை அங்கயே வை" என்றாள் சித்தி. "அதையாவது நான் கழுவிக்கறேன்."